மருமகனுக்கு ஸ்காட்லாந்து மீன் பண்ணையில் வேலை: கூண்டுக்கு வரும் கடல்நாயை விரட்டினால் குற்றமா?

பாலாடா அம்மா (கேத்தி பாலாடா) கேட்டது:

வணக்கம். வழக்கமாக இங்கே விதைக் கிழங்கு விலை, பூண்டுக்கு வரும் நோய், வனத்துறை இழப்பீட்டு மனு என்றுதான் ஏதாவது கேட்பேன். இன்று கேட்பது கடல் கடந்த விஷயம். ஆனால் என் வீட்டு விஷயம், நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை.

என் மகள் ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் பக்கம் நர்ஸாக இருக்கிறாள். அவளுடைய விசாவில்தான் மருமகனும் போனார். அந்த மேற்குக் கரையில் கடல், மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே வந்து கிடக்கிறது. அந்தத் தண்ணீரில் வட்ட வட்டமாக வலைக் கூண்டுகளை மிதக்கவிட்டு சால்மன் மீன் வளர்க்கிறார்கள். அப்படி ஒரு பண்ணையில் அவருக்கு வேலை. தீவனம் போடுவது, வலையில் கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பது, செத்த மீனை எடுப்பது. இங்கே கேரட் கழுவும் மிஷினில் விடியற்காலை நின்று பழகியவர், அதனால் குளிரும் ஈரமும் அவருக்குப் பெரிய விஷயமில்லை.

பெரிய விஷயமாக இருப்பது சீல் என்கிற கடல்நாய். வலைக்கு வெளியே இருந்தபடியே கீழ்ப்பக்கமாக முட்டித் தள்ளி, வலை உள்வாங்கும் இடத்தில் மீனைக் கவ்விவிடுகிறதாம். முழுசாகத் தின்பதும் இல்லை, வயிற்றுப் பக்கம் ஒரு கடி, அப்புறம் அடுத்த மீன். அடிபட்டது செத்துக் கீழே போகும். மிச்ச மீன்கள் மிரண்டுபோய் தீனி எடுக்காது. ஒரு கிழிசல் பெரிதானால் மீன் எல்லாம் வெளியே போய்விடும் என்ற பயம் வேறு.

சமீபத்தில் ஒரு கடல்நாய் எப்படியோ கூண்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது. மேற்பார்வையாளர் போட்ட சத்தத்தில் மருமகன் கையில் கிடைத்த கழியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். பக்கத்தில் இருந்த வயதான தொழிலாளி ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தி, "அதை அடித்தால் ஜெயில், தெரியாதா" என்றாராம். அதே பெரியவர்தான், சில வருடம் முன்புவரை பண்ணைகளில் லைசன்ஸ் வாங்கிச் சுட்டார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். எது உண்மை? மேற்பார்வையாளர் எழுத்தில் எதையும் தருவதில்லை. "எப்படியாவது விரட்டு" என்று வாயால் சொல்வதோடு சரி. நாளைக்கு ஏதாவது ஆனால் கேஸ் யார் மேல் விழும்? அவர் மேல் ஒரு குற்றம் பதிவானால் மகளோடு அங்கே இருக்கவே முடியாமல் போகுமே என்பதுதான் என் பயம்.

என் வீட்டுக்காரர் வேறு மாதிரிக் கேட்கிறார். போன வருடம் எங்கள் கேரட் பாத்தியில் காட்டெருமைக் கூட்டம் இறங்கியது. அறுவடைக்குச் சில நாள்தான் இருந்தது. மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போக வேண்டிய சரக்கு மண்ணோடு மண்ணாகிவிட்டது. "இங்கேதான் இப்படி என்று பார்த்தால், அந்த ஊரிலும் வளர்க்கிறவனுக்குச் சட்டம் இல்லை, தின்கிற மிருகத்துக்குத்தான் சட்டமா" என்கிறார். அவருக்கும் பதில் சொல்ல வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

*

குன்னூர் வக்கீல் எழுதியது:

அக்கா, வணக்கம். நான் குன்னூரிலும் ஊட்டியிலும் வழக்கு நடத்துகிறவன். வன உயிரின வழக்குகள் அதிகம் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் விவசாயிகள் தரப்பில். ஸ்காட்லாந்து கோர்ட்டில் நிற்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அந்தச் சட்டங்களைப் படித்திருக்கிறேன். விலங்குப் பாதுகாப்புச் சட்டங்கள் எப்படி வளர்ந்தன என்று பார்க்கிறவர்களுக்குக் கடல்நாய் நல்ல பாடம்.

முதலில் மருமகனுக்கு. அந்தப் பெரியவர் சொன்ன இரண்டும் உண்மை. அவர் கையைப் பிடித்தது பெரிய உபகாரம். 2010-ம் ஆண்டின் ஸ்காட்லாந்து கடல் சட்டத்தில் ஆறாவது பகுதி முழுக்கக் கடல்நாய்களுக்கானது. வேண்டுமென்றோ, என்ன ஆகும் என்று பொருட்படுத்தாமலோ ஒரு கடல்நாயைக் கொன்றால், காயப்படுத்தினால், உயிரோடு பிடித்தால் குற்றம். சிறை வரை போகும். இந்த "பொருட்படுத்தாமல்" என்பதைத்தான் கவனிக்க வேண்டும். "கொல்ல நினைக்கவில்லை, விரட்டத்தான் கழியை வீசினேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. கழி பட்டால் காயம் ஆகும் என்று தெரிந்தே வீசினாரா என்றுதான் கேட்பார்கள். முதலாளி சொன்னார், மேற்பார்வையாளர் சொன்னார் என்பதும் அடித்தவரைக் காப்பாற்றாது. அதிகபட்சம், சொன்னவரையும் சேர்த்து இழுக்கலாம்.

அதே நேரம் வீணாகப் பயப்படவும் வேண்டாம். கடல்நாய் கூண்டுப் பக்கம் வருவதாலோ, வலையில் தானாகச் சிக்கிக்கொள்வதாலோ தொழிலாளி குற்றவாளி ஆகிவிட மாட்டார். அதை வெளியேற வழி செய்து விடுவதும் குற்றமில்லை. பலமாக அடிபட்டு, பிழைக்க வழியில்லாமல் துடிக்கும் விலங்கின் வேதனையை முடிப்பதற்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஆனால் அந்த முடிவை மருமகன் எடுக்கவே கூடாது. அது கால்நடை மருத்துவரின் வேலை.

இனி அந்தப் பழைய லைசன்ஸ். 2010 சட்டம் வந்தபோது, வளர்ப்பு மீனின் நலத்தைக் காக்கவும் மீன்பிடிப்புக்கு வரும் சேதத்தைத் தடுக்கவும் லைசன்ஸ் வாங்கிச் சுடலாம் என்று இடம் இருந்தது. 2021 பிப்ரவரி 1 முதல் அந்த இரண்டு காரணங்களையும் எடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து, மார்ச் 1 முதல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதே மாதிரி தடை வந்தது. அங்கே 1970-ம் ஆண்டு கடல்நாய்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வலைக்காரர்களுக்கு ஒரு விலக்கு இருந்தது. என் வலையை, வலையில் இருந்த மீனைக் காப்பாற்றத்தான் சுட்டேன் என்று சொல்லலாம். அதுவும் போய்விட்டது.

ஏன் திடீரென்று மாற்றினார்கள்? அன்பு மட்டும் காரணமில்லை, வியாபாரமும் காரணம். அமெரிக்காவில் 1972-ல் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 2016-ல் ஒரு விதி போட்டார்கள். எங்களுக்கு மீன் விற்க வேண்டுமானால், உங்கள் நாட்டிலும் கடல் பாலூட்டிகளுக்கு எங்களுடையதற்கு நிகரான பாதுகாப்பு இருக்க வேண்டும், மீன் தொழிலுக்காக வேண்டுமென்றே அவற்றைக் கொல்லக் கூடாது என்று. ஸ்காட்லாந்து சால்மனுக்கு அமெரிக்கா பெரிய சந்தை. ஆக, மருமகன் கையில் இருந்த கழியை இறக்க வைத்ததில் வாஷிங்டனுக்கும் பங்கு உண்டு.

இதில் நம் மலைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் வேட்டை விளையாட்டுக்குச் சேராத ஒரு காட்டுப் பாலூட்டிக்காக முதலில் வந்த சட்டம் 1914-ம் ஆண்டின் சாம்பல் கடல்நாய்ப் பாதுகாப்புச் சட்டம். சில நூறுதான் மிச்சம் என்று அப்போது நம்பினார்கள். அதனால் குட்டி போடும் இலையுதிர் காலத்தில் கொல்லக் கூடாது என்று தடை போட்டார்கள். ஆனால் அதற்கு 35 வருடம் முன்பே, 1879-ல், மதராஸ் அரசாங்கம் நீலகிரிக்கென்று தனியாக வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் போட்டுவிட்டது. வரையாடும் கடமானும் சுட்டுத் தீர்ந்துகொண்டிருந்தன. அதற்கு இரண்டு வருடம் முன்னால் இங்கே சங்கம் அமைத்திருந்த துரைமார்களே குறிப்பிட்ட மாதங்களில் வேட்டை கூடாது என்று கேட்டு வாங்கிய சட்டம் அது. தங்கள் துப்பாக்கிக்கு அடுத்த வருடமும் இரை வேண்டும் என்பதுதான் நோக்கம். இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அந்தக் குறையை நான் மறைக்க மாட்டேன். இருந்தாலும் முக்குருத்தி தேசியப் பூங்காவில் இன்று வரையாடு நிற்பதற்கு அந்தப் பழைய தடைக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரருக்கு நான் சொல்வது 1911-ல் நடந்தது. வட பசிபிக்கில் ரோமத்துக்காகக் கடல்நாய்களை நடுக்கடலில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சுட்டதில் பாதி முழுகிப் போகும், கரையில் குட்டி பாலில்லாமல் சாகும். அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், கனடாவுக்காக பிரிட்டன், நாலு பேரும் உட்கார்ந்து நடுக்கடல் வேட்டையை நிறுத்த ஒப்பந்தம் போட்டார்கள். வன உயிருக்காக நாடுகள் சேர்ந்து போட்ட ஆரம்ப ஒப்பந்தங்களில் ஒன்று. அதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், வேட்டையை விட்டுக்கொடுத்த ஜப்பானுக்கும் கனடாவுக்கும், அமெரிக்காவும் ரஷ்யாவும் தங்கள் தீவுகளில் கட்டுப்பாட்டோடு எடுக்கும் தோலில் ஆளுக்கு 15 சதவீதம் பங்கு எழுதிக் கொடுத்தார்கள். தோணியும் ஈட்டியும் வைத்துப் பிழைத்த கடலோரப் பழங்குடிகளுக்குத் தனி விலக்கு. அதன் பிறகு கடல்நாய்க் கூட்டம் நன்றாகவே பெருகியது.

நீ கையைக் கட்டிக்கொள் என்று சொல்லும் அரசு, அதனால் உனக்கு ஆகும் நஷ்டத்தில் நான் இவ்வளவு ஏற்கிறேன் என்று அதே தாளில் எழுத வேண்டும். 1911-ல் எழுதினார்கள். நம் கேரட் பாத்திக்கு மனு எழுதி, ரேஞ்ச் ஆபீஸுக்கும் வி.ஏ.ஓ. ஆபீஸுக்கும் நடந்து, ஆகும் பஸ் செலவுக்குக்கூட வராத தொகைக்குக் காத்திருக்கிறோம். காட்டெருமையைக் காப்பது சரி. அதன் செலவை பாலாடாக்காரர் தலையில் மட்டும் வைப்பது சரியில்லை.

*

கூடலூர்ப் பையன், இப்போது ஷெட்லாண்ட் எழுதியது:

அம்மா, நான் கூடலூர்க்காரன். ஷெட்லாண்ட் தீவில் சால்மன் கூண்டுகளின் வலைப் பராமரிப்புதான் என் வேலை. வக்கீல் சார் சட்டத்தைச் சொல்லிவிட்டார், நான் தண்ணீரில் நடப்பதைச் சொல்கிறேன்.

கடல்நாய் வருவதற்கு முக்கியமான காரணம் செத்த மீன். கூண்டின் அடிவலையில் செத்த மீன் சேர்ந்து கிடந்தால் வாசனையும் எடையும் அங்கேதான். வலை தொய்ந்து பை மாதிரி தொங்கும். கடல்நாய்க்கு வாய் வைக்கச் சுலபமான இடம் அது. தினமும் செத்ததை எடுத்துவிட்டால் பாதித் தொல்லை குறையும். உங்கள் மருமகன் அலுத்துக்கொள்ளும் அந்த வேலைதான் உண்மையில் காவல்.

அடுத்தது வலையின் இழுவிசை. கீழே கனமான வளையக் குழாய் கட்டி வலையை விறைப்பாக நிறுத்த வேண்டும். அலை வேகத்தில் வலை உள்பக்கம் ஒதுங்கினால் மீனும் வலையோரம் நெருங்கும், கடல்நாய் வெளியில் இருந்தே கவ்விவிடும். பழைய நைலானுக்குப் பதிலாகக் கெட்டியான பாலிஎத்திலீன் நூல் வலை வந்திருக்கிறது. அது கடிக்கச் சிரமம், உள்வாங்குவதும் குறைவு. விலை அதிகம்தான். ஆனால் 2021-க்குப் பிறகு பண்ணைகள் இதில் பணம் போட்டே ஆக வேண்டிய நிலைமை. சுட வழி இருந்த காலத்தில் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போட்டவர்கள்கூட இப்போது வலை மாற்றுகிறார்கள். இதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னைக் கேட்டால் சட்டம் செய்த பெரிய நன்மை இதுதான்.

தண்ணீருக்குள் சத்தம் எழுப்பும் கருவி ஒன்று உண்டு. யாராவது அதைப் போடச் சொன்னால் மருமகன் உடனே தலையாட்ட வேண்டாம். அந்தச் சத்தம் கடல்நாயை மட்டும் பாதிக்காது. கடல்பன்றி என்கிற சின்ன ஓங்கில் வகையும் டால்பினும் அந்த இடத்தை விட்டே விலகிப் போகும். அவற்றைத் தொந்தரவு செய்வது தனிக் குற்றம், அதற்கு வேறு அனுமதி வேண்டும். அந்த அனுமதித் தாள் பண்ணை அலுவலகத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் சுவிட்சைத் தொட வேண்டும்.

கூண்டுக்குள் கடல்நாய் வந்துவிட்டால் நாங்கள் செய்வது இதுதான். ஆட்கள் விலகிவிடுவோம். படகின் இன்ஜினை அணைத்துவிடுவோம். ஒரு பக்கத்து வலை விளிம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கி வழி விடுவோம். மீன் கொஞ்சம் போகும், போகட்டும். நேரம் பிடிக்கும். துரத்தினால் அது இன்னும் ஆழத்துக்குப் போய் வலையில் சுற்றிக்கொள்ளும். நீரில் மூச்சுமுட்டிச் செத்தால் பண்ணைக்குத்தான் கெட்ட பெயர். முழு வளர்ச்சி அடைந்த ஆண் சாம்பல் கடல்நாய் 200 கிலோவுக்கு மேல் இருக்கும், கழியை வைத்துக்கொண்டு அதன் எதிரே நிற்பது மருமகனுக்கே ஆபத்து. கடித்தால் விரல் வீங்கிக் கெட்டுப்போகும் ஒரு தொற்று இருக்கிறது. கையில் சின்னக் கடி பட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் கடல்நாய் கடித்தது என்று சொல்லியே மருந்து வாங்க வேண்டும்.

*

பூம்பாறை பூண்டுக்காரன் எழுதியது:

வக்கீல் சார் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. கொடைக்கானல் மேல்மலையில் படிக்கட்டுப் பாத்தியில் பூண்டு போடுகிறவன் நான். ராத்திரி காட்டெருமைக்கும் பன்றிக்கும் காவல் இருந்து இருந்து உடம்பு போய்விட்டது. அந்த மீன் பண்ணைக்குப் பின்னால் பெரிய கம்பெனி இருக்கும், புது வலை வாங்குவான். என்னிடம் யார் வலை தருவார்கள்? அழிந்துபோகும் மிருகத்தைக் காப்பாற்றுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணிக்கை பெருகிவிட்ட பிறகும் அதே தடை எதற்கு? பிரிட்டனில் சாம்பல் கடல்நாய் இப்போது ஏராளம் என்று நானே படித்தேன். அங்கேயும் மீனவன் ஒருவன் என்னை மாதிரி புலம்பிக்கொண்டுதானே இருப்பான்?

*

குன்னூர் வக்கீல் எழுதியது:

அண்ணா, உங்கள் கேள்வி நியாயமானது, அதைச் சும்மா தட்டிவிட முடியாது. அங்கேயும் புலம்புகிறார்கள். கம்பெனிக்கு வலை வாங்க முடியும், ஒற்றைப் படகில் போய் மீன் பிடிக்கிறவருக்கு முடியாது. அவர் வலையில் இருந்து மீன் போனால் இழப்பீடு கேட்க எளிதான வழி இல்லை. அந்த இடத்தில் உங்களுக்கும் அவருக்கும் வித்தியாசம் எதுவும் இல்லை.

சாம்பல் கடல்நாய் பெருகியதும் உண்மை. உலகத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பிரிட்டன் கரைகளில்தான். ஆனால் பெருகிவிட்டது, சுடலாம் என்று முடிவெடுப்பதில் இரண்டு சிக்கல் இருக்கிறது. அங்கே இருப்பது இரண்டு வகை. சாதாரணக் கடல்நாய் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அது ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளிலும் கிழக்கு ஸ்காட்லாந்திலும் 2000 வாக்கில் இருந்து வேகமாகக் குறைந்துவிட்டது. அலையில் தலை மட்டும் தெரியும்போது எது எந்த வகை என்று படகில் இருந்து சொல்லிவிட முடியுமா? இரண்டாவது, நோய். 1988-ல் ஒரு வைரஸ் வந்து வட கடல் பக்கம் 18,000-க்கு மேல் செத்தன, 2002-ல் மறுபடியும் வந்தது. இன்று ஏராளமாக இருப்பது சில மாதத்தில் குறைந்துவிடலாம். கரீபியன் கடலில் துறவிக் கடல்நாய் என்று ஒரு வகை இருந்தது. எண்ணெய்க்காகக் கொன்று கொன்று, 1952-க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. 2008-ல் அற்றுப்போனதாக அறிவித்துவிட்டார்கள்.

எண்ணிக்கையைக் குறைக்க அரசே கொன்று பார்த்த காலமும் உண்டு. 1978-ல் ஆர்க்னியில் ஆயிரக்கணக்கான சாம்பல் கடல்நாய்களைச் சுட நார்வே வேட்டைக்காரர்களைக் கூப்பிட்டார்கள். மக்கள் எதிர்ப்பு பெரிதாக வெடித்தது, அரசு பின்வாங்கியது.

நம் ஊரில் உங்களுக்குக் கொஞ்சம் கதவு திறந்திருக்கிறது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டெருமை அதிகப் பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது, வரையாடு மாதிரியே. மனித உயிருக்கு ஆபத்து, அல்லது தேற முடியாத அளவுக்கு ஊனமோ நோயோ என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்து மூலம் உத்தரவு தந்தால் தவிர யாரும் கை வைக்க முடியாது. பயிர்ச் சேதம் அதற்குப் போதாது. காட்டுப்பன்றி அப்படி இல்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வகுத்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையில் இருந்து 3 கிலோமீட்டருக்கு வெளியே வரும் பன்றியை வனத்துறையே சுடலாம், 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம், 1 கிலோமீட்டருக்குள் சுடவும் கூடாது பிடிக்கவும் கூடாது. மேல்மலையிலும் கோத்தகிரியிலும் பெரும்பாலான தோட்டம் காட்டை ஒட்டியே இருக்கிறது. அதனால் இது சமவெளி விவசாயிக்கு உதவுகிற அளவுக்கு நமக்கு உதவாது. எனக்கு இதில் கோபம் உண்டு. மலை விவசாயியை மனதில் வைத்து எழுதப்பட்ட உத்தரவாக அது தெரியவில்லை.

நாம் கேட்க வேண்டியது துப்பாக்கி இல்லை என்று நான் நினைக்கிறேன். கூடலூர்த் தம்பி சொன்ன கெட்டி வலை மாதிரி, பதிவு செய்த சூரிய மின்வேலிக்கு முழு மானியம் கேட்கலாம். இழப்பீட்டை அறுவடை விலைக்குக் கேட்கலாம், அதுவும் அடுத்த விதைப்புக்கு முன்னால் கைக்கு வர வேண்டும். கிராம சபைத் தீர்மானம் எழுதித் தர வேண்டுமானால் நான் வருகிறேன், பூம்பாறைக்கும் வருகிறேன். ஆனால் ஒன்று, நேரடியாக லைனில் இருந்து கம்பியில் கரண்ட் விடும் வேலையை மட்டும் யாரும் செய்யாதீர்கள். யானை செத்தாலும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் செத்தாலும் நான் உங்களுக்காக வாதாடலாம், ஆனால் வெளியே கொண்டுவருவேன் என்று உறுதி தர முடியாது.

*

பாலாடா அம்மா எழுதியது:

எல்லோருக்கும் கும்பிடு. வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். 15 சதவீதப் பங்கு வந்த இடத்தில் "அது சரியான பேச்சு" என்றார். கிராம சபை விஷயமாக வக்கீல் தம்பிக்குத் தனியாக எழுதுகிறோம்.

இன்னும் ஒன்று. பேத்தி கடற்கரையில் வெள்ளை ரோமத்தோடு தனியாகக் கிடந்த கடல்நாய்க் குட்டியைப் பார்த்திருக்கிறாள். அழுது ஊரைக் கூட்டி, போர்த்திக் கொண்டுவந்து பால் கொடுக்கலாம் என்கிறாளாம். அது குற்றமா? அப்புறம், மேற்பார்வையாளரிடம் மருமகன் எப்படிச் சொல்வது? வேலையும் போகக் கூடாதே.

*

கூடலூர்ப் பையன், இப்போது ஷெட்லாண்ட் எழுதியது:

குட்டியைத் தூக்கவே கூடாது அம்மா. உயிரோடு பிடிப்பதும் அதே சட்டத்தில் வரும். வெள்ளை ரோமம் என்றால் சாம்பல் கடல்நாய்க் குட்டி. பிறந்து மூன்று வாரம் வரை கரையிலேயே கிடக்கும், தாய் தண்ணீரில் இருந்து கவனித்துக்கொண்டிருக்கும். ஆள் பக்கத்தில் நின்றால் அது கரைக்கு வராது. கடலுக்குள் தள்ளிவிடுவதும் தப்பு, அந்தக் குட்டிக்கு இன்னும் நீந்தும் பக்குவம் வந்திருக்காது. மாட்டுப்பால் கொடுத்தால் வயிறு கெடும். தள்ளி நின்று பார்க்க வேண்டும், நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ள வேண்டும். காயம் தெரிந்தாலோ ரொம்ப மெலிந்திருந்தாலோ பிரிட்டிஷ் டைவர்ஸ் மரைன் லைஃப் ரெஸ்க்யூ அமைப்புக்கோ ஸ்காட்லாந்து விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்துக்கோ போன் செய்யலாம், பயிற்சி பெற்றவர்கள் வருவார்கள். கூட்டமாகக் கரையேறிப் படுக்கும் இடங்களில் 194-ஐ 2014-ல் அரசு பட்டியல் போட்டு அறிவித்தது, பிறகு ஒன்றைச் சேர்த்தார்கள். அங்கே துன்புறுத்தித் தண்ணீருக்கு விரட்டினால் அதுவே தனிக் குற்றம். இங்கிலாந்துக் கரையில் இந்த அளவுக்குக்கூடப் பாதுகாப்பு இல்லை. படம் எடுக்கப் போகிறவர்கள் மிரட்டி ஓட வைத்தால் பெரும்பாலான இடங்களில் கேட்க ஆளில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

*

குன்னூர் வக்கீல் எழுதியது:

அக்கா, மேற்பார்வையாளரோடு வாதாட வேண்டாம். மருமகன் போனில் ஒரு செய்தி அனுப்பினால் போதும். "சார், போன வாரம் கூண்டுக்குள் கடல்நாய் வந்தபோது என்ன செய்வது என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அடுத்த முறை வந்தால் பின்பற்ற வேண்டிய முறையை எழுத்தில் தர முடியுமா? சட்டத்துக்கு உட்பட்டு நடக்க விரும்புகிறேன்." இவ்வளவுதான், மரியாதையாக, அந்த ஊர் மொழியில். பதில் வந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். வராவிட்டால் அனுப்பியதே அவருக்குச் சாட்சி. கடல்நாய் வந்த தேதி, நேரம், எந்தக் கூண்டு, என்ன செய்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வரட்டும். அதற்கு மேல் நெருக்கினால் அங்கே சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்று இலவச ஆலோசனை மையம் ஊர் ஊருக்கு இருக்கிறது. விசா பற்றிய கேள்வியையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். அந்தப் பெரியவருக்கு என் சார்பில் ஒரு நன்றியும் சொல்லச் சொல்லுங்கள்.